இடுப்பில் ஒரு பாதம்

வெள்ளைக்காரன் போய்விட்டான், நாடு நமக்கு வந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நமக்கில் நானும் சேர்த்திதான் என்றும் நம்பினேன். ஆகஸ்ட் பதினைந்து எங்களுக்கு மாதா திருநாளும்கூட. காலையில் பூசை, அது முடிந்ததும் கோயில் வாசலில் கொடியேற்றம், அப்புறம் மிட்டாய். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் எனக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைக்குப் பிசிறு சீவுவேன், சூளையிலிருந்து வந்த பிறகு வர்ணம் தீட்டுவேன். ஒரு வருஷம் வேப்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று, சுதந்திர தினப் பரிசாகக் கொடுக்கப் பாரத மாதா பொம்மைகள் கேட்டது. புது அச்சு செய்ய நேரமில்லை. முதலாளி அலமாரியிலிருந்து எங்கள் மாதாவின் அச்சை இறக்கினார். இடுப்பில் குழந்தையோடு நிற்கும் மாதா.

"பொடவ இருக்குது, கிரீடம் இருக்குது. கொழந்தய எடுத்துட்டு கையில கொடிய சொருகிட்டா முடிஞ்சுது" என்றார்.

எடுக்க வேண்டியவள் நான். ஈரம் காயாத பொம்மையிலிருந்து குழந்தையைப் பிளேடால் அறுத்து, அந்த இடத்தில் களிமண் வைத்துப் பூச வேண்டும். அறுத்த குழந்தைகளைத் திரும்பக் கரைக்கிற வாளியில் போட்டேன். முதல் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தையின் ஒரு பாதம் மட்டும் புடவைக்குள் பதிந்திருந்தது. உள்ளே கூடாக இருக்கும் பொம்மை. அதையும் சீவினால் ஓட்டை விழும். முதலாளியிடம் காட்டினேன்.

"பொடவ மடிப்பு மாதிரிதான் இருக்குது. வுடும்மா" என்றார்.

விட்டேன். காவி, வெள்ளை, பச்சை என்று கரை போட்டேன். அழகாகத்தான் இருந்தாள்.

சுதந்திர தினம் முடிந்த மறுநாள், பள்ளிக்கூடத்துக்காரர்கள் பொம்மையோடு வந்தார்கள். "என்னாங்க இது, இடுப்புல கால் இருக்குது?" என்று, விரிசல் விட்ட கோப்பையைத் திருப்பிக் கொடுப்பவர்கள் போலத்தான் கேட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். என் கழுத்தில் ஜெபமாலை. அதைப் பார்த்ததும் பேச்சே வேறாகிவிட்டது.

"வேணும்னே பண்ணியிருக்காங்க. வெள்ளைக்காரன் போயும் அவன் வுட்டுட்டுப் போன ஆளுங்க போவல."

கம்பும் கேழ்வரகும் விதைத்துத் தின்ற குடும்பம் எங்களுடையது. வெள்ளைக்காரனை நான் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். முதலாளி ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாம நடந்துபோச்சுங்க" என்றார். என்னைப் பாரத மாதாவுக்குக் கோஷம் போடச் சொன்னார்கள். போட்டேன். சின்ன வயசில் மிட்டாய்க்கு முன்னால் தொண்டை கிழியப் போட்ட அதே கோஷம்தான். அன்றைக்குக் கசந்தது.

அதோடு முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தினார். கிறிஸ்துமஸ் நெருங்கியதும் அவரே போன் பண்ணினார். "கொழந்த மூஞ்சிக்குக் கண்ணு வரைய ஒன்ன வுட்டா ஆள் இல்லம்மா." மானம் பார்த்தால் அடுப்பு எரியாது. போனேன். அடுத்த ஜூலையில் மறுபடி பாரத மாதா வேலை வந்தது. "அது முடியற வரைக்கும் நீ வூட்லயே இரும்மா, எதுக்கு வம்பு?" என்றார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் அதைச் செய்தாள். வருஷம் தவறாமல் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள், நல்லவள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

அந்த ஆகஸ்டில் என் மகள் அவள் பள்ளிக்கூடத்தில் சுதந்திரப் போராட்டத்தைப் பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கி வந்தாள். பெட்டியைப் பிரித்தால் எங்கள் பட்டறைப் பொம்மை. திருப்பிப் பார்த்தேன். இடுப்பில் அதே குட்டிப் பாதம். முதலாளி கொடுத்த லீவு முடிந்து வேலைக்குப் போனபோது பட்டறையில் விசாரித்தேன். இந்தத் தடவை எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தும் யாரும் வரவில்லையாம்.

பொம்மை எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பரிசு வாங்கி வந்த அன்றே மகள் அந்த இடத்தை விரலால் தடவி, "அம்மா, இது என்னா, பாப்பா கால் மாதிரி இருக்குது?" என்று கேட்டாள்.

"பொடவ மடிப்பு" என்றேன்.