வாயுத் தொட்டியும் பஹ்மிதாவின் கிணறும்

சாய்ந்தமருதில் றபீக்காவிடம் வாய் கொடுத்தவர்கள் அரை மணித்தியாலத்துக்குத் தப்ப முடியாது. முன்பு மகளின் கலியாணப் பேச்சு. இரண்டு வருடமாக வாயுத் தொட்டிப் பேச்சு. பின்வளவில் பாதி புதைந்திருக்கும் அந்தத் தொட்டிக்குள் மீன் குடல், மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு எல்லாம் போகும். அவை புளித்து வரும் வாயுவில் அவளது அடுப்பு எரியும். கடைசியாக காஸ் சிலிண்டர் வாங்கியது எப்போது என்று கேட்டால் கிழமையோடு சொல்லுவாள். கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் வீடு இருக்கும் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, அவளால்தான் திருந்தியது. கடற்கரைக்குக் குப்பைப் பையோடு போகிறவர்களை மறித்துப் பையை வாங்கித் தன் தொட்டிக்குள் கொட்டிவிடுவாள். குப்பையில் மொய்க்கும் இலையான் தொல்லை பாதியாகக் குறைந்தது. இதைக் கேள்விப்பட்டு, பொத்துவிலிலிருந்து பதினைந்து பெண்கள் ஒரு சனிக்கிழமை தொட்டியைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். றபீக்காவுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அன்று காலை பக்கத்து வீட்டு பஹ்மிதா வாளியும் தண்ணீருமாக வந்து நின்றாள். அவள் வீட்டில் குழாய் இல்லை. குடிக்கவும் சமைக்கவும் கிணறுதான்.

“மணந்து பாருங்க ராத்தா. புள்ளைக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது.”

உங்கள் மலசலகூடக் குழி ஊறியிருக்கும் என்று றபீக்கா எடுத்தெறிந்து பேசினாள். பஹ்மிதா சண்டைக்கு நிற்கவில்லை. வருகிறவர்களும் மணந்து பார்க்கட்டும் என்று வாளியை வைத்துவிட்டுப் போனாள்.

தனியாக நின்று றபீக்கா குனிந்து மணந்தாள். தொட்டியிலிருந்து வழியும் கறுப்புக் கரைசலின் மணம், அவளுக்கா தெரியாது? நல்ல பசளை என்று அதை நாள்தோறும் வேலியோரத் தென்னைக்குத்தான் ஊற்றினாள். பைகள் கூடக் கூடக் கரைசலும் கூடியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆறே எட்டு வைத்தால் கிணறு, நடுவில் வெறும் மணல். வாளியைக் கவிழ்த்துவிட்டால் வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றும் நினைத்தாள். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது.

வேன் வந்தது. அவள் பெண்களைப் பின்வளவுக்குக் கூட்டிப் போகாமல், பஹ்மிதாவிடம் கேட்டுக்கொண்டு அவளுடைய கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள்.

“தொட்டியப் பொறகு பாக்கலாம். இது நான் பழுதாக்கின கிணறு. முதல்ல இதப் பாருங்க.”

அப்படியென்றால் தொட்டி கூடாதா என்று ஒருத்தி கேட்டாள்.

“தொட்டி நல்லம். அதுல இருந்து வாறத்த எங்க ஊத்துற எண்டு நான் யோசிக்கல்ல. நீங்க யோசிச்சிட்டுக் கட்டுங்க.”

இப்போது கரைசல் பீப்பாய்களில் காரைதீவுக்குப் போகிறது, தம்பிமுத்து என்றொருவரின் கத்தரித் தோட்டத்துக்கு. பஹ்மிதாவின் கிணற்றை மூன்று தரம் இறைத்தாயிற்று. அவள் வீட்டுக்குத் தேவையான தண்ணீரைக் காலையும் மாலையும் றபீக்காதான் தன் குழாயில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது. கிணறு இன்னும் மணக்கிறது. றபீக்கா இன்னும் தண்ணீர் சுமக்கிறாள்.