செம்புக் குழாயில் இரண்டு தட்டு

புளியறை வளைவில் பலாப்பழ லாரி கவிழ்ந்ததே, அதற்கு அடுத்த வாரம் நடந்தது இது. வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவன், லாரி கவிழ்ந்ததையும் மழை பெய்ததையும் வைத்துத்தான் காலத்தைச் சொல்லுவேன். அந்த டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பழம்தான் ரோடு முழுக்க உருண்டு கிடந்தது. அடிபட்ட பழத்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்று லாரிக்காரரே சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் வேலைக்குப் போயிருந்த என் மகன் வண்டியில் இரண்டைக் கட்டிக்கொண்டு வந்தான். ஒன்றை அன்றைக்கே அறுத்துவிட்டோம். இன்னொன்று பழுக்க ஒரு வாரம் பிடித்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் கடை தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில். ஏசி, ஃபிரிட்ஜ், வெந்நீர் போடுகிற ஹீட்டர் எல்லாம் பார்ப்போம். நான், என் வீட்டுக்காரி, மகன், மூன்று பேர்தான். கோடையில் தென்காசியில் துபாய்க்காரர்கள் வீட்டு ஏசி. சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்து லாட்ஜ் ஹீட்டர். சாரலில் யார் ஏசி போடுவார்கள் என்று கேட்பீர்கள். போடுவார்கள். குரங்குக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிடுவார்கள், அடைத்த அறைக்குள் புழுங்கும், உடனே ஏசி. வெளியே காசு கேட்காமல் வீசுகிற காற்று சும்மா போய்க்கொண்டிருக்கும். எனக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் எங்கள் அடுப்பு எரிவதும் அதனால்தான்.

ஏசி வேலையில் ஒருத்தர் உள்ளே சுவிட்சுப் பக்கம் நிற்க வேண்டும், ஒருத்தர் வெளியே சுவரில் தொங்குகிற பெட்டியிடம் உட்கார வேண்டும். குற்றாலத்தில் காற்றும் தண்ணீர் இரைச்சலுமாக, கத்தினால் கேட்காது. போனில் பேசலாமே என்றால், மகன் ஒரு போனை மூன்றாம் மாடியிலிருந்து கீழே விட்டான். அதற்குப் பிறகு மேலே ஏறும்போது போனை அவன் அம்மாவிடம் கொடுத்துவிடுவான். அதனால் எங்களுக்குக் குழாய்தான் போன். வெளிப் பெட்டியிலிருந்து சுவர் வழியாக அறைக்குள் செம்புக் குழாய் வருகிறதல்லவா, அதில் ஸ்பேனரால் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போடு. நான் ஆரம்பித்து வைத்த வழக்கம்தான். அந்த நாள்வரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அன்றைக்கு ஒரு லாட்ஜில் இரண்டாம் மாடி அறை. வெளிப் பெட்டியில் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் போய்விட்டது. மகன் வராண்டா ஜன்னல் வழியாக இறங்கி, பின்பக்கச் சன்ஷேடில் உட்கார்ந்துகொண்டான். தோளில் பை. அந்தப் பைக்குள் வீட்டுக்காரி ஒரு டப்பாவில் பலாச்சுளை வைத்திருந்தாள், பசித்தால் தின்னட்டும் என்று. டப்பாவை மூடினாலும் அந்த வாசனை அடங்குமா.

அறைக்குள் நானும் அவளும். சுவிட்சிடம் எப்போதும் அவள்தான் நிற்பாள். அன்றைக்கு அவள் ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்ததால் நான் நின்றேன். வாசலில் லாட்ஜ் மேனேஜர்.

"அண்ணாச்சி, ஓடுமா ஓடாதா? ரூமுக்கு வந்த பார்ட்டி பெட்டியோட கீழ நிக்காங்க."

"ஓடும். கொஞ்சம் பொறுங்க."

"அவங்க பொறுப்பாங்க, அவங்க பிள்ளைய நாங்க பொறுக்கணும்லா. சோபாவ பிச்சிட்டு கெடக்கு."

"குரங்கே தேவலன்னு சொல்லுங்க" என்றாள் என் வீட்டுக்காரி குளியலறையிலிருந்து.

அப்போது குழாயில் இரண்டு தட்டு கேட்டது. டக், டக். மேனேஜருக்குக்கூடக் கேட்டது. "ஆ, போடுங்க" என்றார். நான் சுவிட்சில் கை வைத்துவிட்டேன்.

"போடாதீங்க." ஈரக் கையோடு ஓடிவந்தவள் தண்ணீர் சொட்டச் சொட்டத் தள்ளியே நின்றாள். சுவிட்சைத் தொடவில்லை. "கைய எடுங்க மொதல்ல. அது அவன் தட்டு இல்ல."

"ஏட்டி, ரெண்டு தட்டு கேட்டுச்சுல்லா. தட்டுல என்ன அவன் தட்டு, இவன் தட்டு?"

"அவன் மொத தட்டு தட்டிட்டு ஒரு மூச்சு விடுவான். ரெண்டாவது மெதுவா விழும். இதுல ரெண்டாவது சத்தமா விழுந்துச்சு."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் பிடிபட்டது. முன்னொரு வேலையில் அவன் ஓங்கித் தட்டியதில் குழாய் நசுங்கிக் கீறி, உள்ளே இருந்த ஏசி கேஸ் எல்லாம் கசிந்து போய்விட்டது. அதிலிருந்து இரண்டாவது தட்டை அவன் பயந்துதான் தட்டுவான். சுவிட்சில் வைத்திருந்த கையை உடனே எடுத்தேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் திருப்பித் தட்டுகிறானா என்று பார்க்க ஸ்க்ரூடிரைவரால் குழாயில் ஒரு தட்டு தட்டினாள். பதில் இல்லை. இன்னொரு தட்டு. அதற்கும் இல்லை. அவள் சுவிட்சுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். "நீங்க போய் பாத்துட்டு வாங்க. நான் இங்கன இருந்து அசையமாட்டேன்."

அந்த வராண்டா அவ்வளவு நீளம் என்று எனக்கு முன்னே தெரியாது. முழங்கால் வலி அன்றைக்கு எங்கே போனதோ. அவனுக்கு வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஜன்னலை எட்டும்வரை அந்த முகங்கள் மட்டும்தான் கண்ணுக்குள் இருந்தன.

எட்டிப் பார்த்தேன். அவன் இரண்டு கையும் பெட்டிக்குள். வயரின் செம்பு நுனி விரலில். தலையை அண்ணாந்து, மேல் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த பெரிய குரங்கைப் பார்த்து வைதுகொண்டிருந்தான். அதன் மடியில் பலாச்சுளை டப்பா.

"யப்பா, இங்க பாருங்க. டப்பாவையும் எடுத்து, ஸ்பேனரையும் எடுத்துட்டுப் போயிட்டு. கடிச்சுப் பாத்துட்டு ஸ்பேனர மட்டும் கீழ போட்டுட்டு. குழாயில பட்டு, ஸ்டாண்டுல பட்டு, கீழ எங்கயோ போயிட்டு. வேற ஸ்பேனர் குடுங்க."

ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளியே நீட்டினேன். சாரல் முகத்தில் அடித்தது. அது நல்லதாகப் போயிற்று.

"என்னப்பா? ஏன் இப்படி பாக்கீங்க?"

"ஒண்ணுமில்லலே. பழம் தின்னியா?"

"எங்க தின்ன? அதுதான் தின்னுது."

என் இடுப்பிலிருந்த ஸ்பேனரை அவனிடம் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து அவளிடம் சொன்னேன். அவள் சுவிட்சை விட்டு நகராமல், அதை ஒட்டிக் கிடந்த கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். பிறகு சிரித்தாள். மேனேஜர் கீழே போய் மூன்று டீ அனுப்பினார். மகன் வேலையை முடித்து, தட்டினான். ஒன்று, ஒரு மூச்சு, மெதுவாக இன்னொன்று. அவள்தான் போட்டாள். குளிர்காற்று வந்தது. அந்தக் காற்றில் மூன்று பேரும் உட்கார்ந்து டீ குடித்தோம். என் ஆயுசில் ஏசி நன்றாக இருக்கிறது என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

இப்போது வழக்கத்தை மாற்றிவிட்டோம். இரண்டு தட்டு வந்தால் உள்ளே இருப்பவர் இரண்டு திருப்பித் தட்ட வேண்டும். வெளியே இருப்பவர் மறுபடி இரண்டு தட்டினால்தான் சுவிட்சு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இந்த வேலை பார்க்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சத்தம் கேட்டதும் போடாதே, திருப்பித் தட்டிப் பார் என்று. குரங்கு பதிலுக்குத் தட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.