வெந்நீரும் வெறுங்காலும்

யூ-லான் இரண்டு நாணயங்களை உள்ளங்கையில் குலுக்கித் தரையில் எறிந்தாள். இரண்டிலும் பூ. ஒன்று தலையும் மற்றது பூவுமாய் விழுந்தால்தான் இறந்தவர் இசைந்ததாகப் பொருள். இரண்டும் ஒத்து விழுந்தால் அவர் சிரிக்கிறார்.

“துணிச் செருப்பு வேணுமா, வேணாமாப்பா? சிரிக்காம சொல்லுங்க. சனிக்கிழமை கண்காட்சி.”

மறுபடியும் பூவும் பூவும்.

“உசிரோட இருந்தப்ப மனுசன் இவ்வளவு சிரிச்சதே இல்லக்கா” என்றான் உதவியாள் ஆ-சுன். சிலையை வார்ப்பெடுக்கச் சுண்ணச் சாந்தைக் குழைத்துக் காத்திருந்தான்.

காங்ஷானின் தகரக் கொட்டகையில் அவள் செய்து நிறுத்தியிருப்பவற்றைக் கண்டோர் முதலில் நகைப்பர், பிறகு வாயடைப்பர். ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் ஒருக்களித்து அமர்ந்த கடலன்னை. பிளாஸ்டிக் முக்காலியில் குந்தி நூடுல்ஸ் உறிஞ்சும் படைத்தலைவர். கைபேசியில் தன்னையே படமெடுக்கும் காவல் தெய்வம். எல்லார் காலிலும் நீல வாரும் வெள்ளை அடியும் கொண்ட, சந்தையில் விற்கும் ரப்பர் செருப்பு. “தீவுக்காரன் யாரு, வந்தவன் யாருன்னு என்னைக் கேக்காதீங்க. காலைப் பாருங்க” என்பாள்.

தந்தை பெங்குடைய உருவில்தான் கை நின்றுவிட்டது. களிமண்ணில் ஆளுயரம், முகம் அச்சு அசல், கணுக்காலுக்குக் கீழே வெறும் பாதம்.

மீசை அரும்பாத வயதில் படையோடு இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர் அவர். ரப்பர் செருப்பை ஒருநாளும் தொட்டதில்லை; அக்கரையில் தம் தாய் தைத்த மாதிரியிலேயே கறுப்புத் துணிச் செருப்பு. நினைவு தளர்ந்தபின் படுக்கையிலும் அதைக் கழற்றவில்லை. “கப்பல் வந்துச்சாம்மா?” என்பார், காலையும் மாலையும்.

ஒருநாள் அவள் பொறுமையிழந்தாள். “ஆயுசு பூராவும் இந்த ஊருச் சோத்தத்தானே தின்னீங்க? இன்னும் எந்தக் கப்பல்?”

அவர் குனிந்து, செருப்பைக் கழற்றிக் கட்டிலடியில் ஒதுக்கினார். அதன்பின் எதையும் அணியவில்லை. கப்பலைப் பற்றிக் கேட்கவுமில்லை. வெறுங்காலோடே போனார்.

“நீலச் செருப்பையே மாட்டுக்கா. இன்னும் யோசிச்சா சாந்து இறுகிடும்” என்று அவசரப்படுத்தினான் ஆ-சுன்.

அவள் நாணயங்களைப் பொறுக்கினாள், எறியவில்லை. தந்தையின் படத்தின் முன்னே, இறந்தவர் முகம் கழுவவென்று நாள்தோறும் விடியலில் வைக்கும் வெந்நீர்க் கிண்ணம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதை ஏந்தி வந்து சிலையின் அடியில் மண்டியிட்டாள். துண்டை நனைத்தாள்.

“அக்கா! சுடாத மண்ணு! கரைஞ்சிடும்!”

ஈரம் பட்டதும் பெருவிரல் நெகிழ்ந்து குழைந்தது. அவள் துண்டைப் பிழிந்து, அடுத்த விரலிடுக்கை மெல்லத் துடைக்கலானாள்.