வடக்கு தெற்காகும் என்று சொன்ன குரல்

ராஜேஸ்வரி டீச்சர் இறந்துவிட்டார் என்று அவர் கணவர் கைப்பேசியில் என்னிடம் சொன்னபோது, நான் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நத்தம் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். "போயிட்டாம்மா" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. எங்கள் பள்ளியில் டீச்சர் இயற்பியலும் நான் வேதியியலும் நடத்தினோம். ஓய்வறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி எங்களுக்கு. இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைச் சிரித்த முகத்தோடுதான் தெரியும். அவர் நடுங்கியதைப் பார்த்தவள் நான். அதை இப்போதாவது சொல்லவேண்டும்.

சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்து நூலகத்தில் பூமியின் காந்தப்புலம் பற்றி அவர் பேசினார். அந்தப் புலம் வலுக்குறைந்து வருகிறது, வட காந்தமுனை இடம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, எப்போதோ ஒரு காலத்தில் வடக்கும் தெற்கும் இடம் மாறக்கூடும் என்றார். அது மாற ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகும் என்றும் சொன்னார். யாரோ அந்தப் பேச்சைக் கைப்பேசியில் பிடித்து, கடைசி வாக்கியத்தை வெட்டி எறிந்துவிட்டு, வேறொரு குரலை ஒட்டிவிட்டார்கள். வரும் அமாவாசையன்று திசை மாறும், சமவெளியில் இருப்பவர்களுக்கு மூச்சு நின்றுபோகும், மலைமேல் இருப்பவர்கள்தான் பிழைப்பார்கள் என்றது அந்தக் குரல். காணொளி ஊர் ஊராகப் பரவியது.

அமாவாசையன்று மத்தியானம், பூந்தோட்டத்தில் வேலை செய்யும் முருகன் என்பவர் பள்ளிக்கு வந்தார். கைப்பேசியை டீச்சர் முன்னால் நீட்டினார்.

"இது உங்க கொரலுதான டீச்சர்?"

"ஆமா. ஆனா பின்னால பேசுறது நான் இல்ல."

"எம் பொண்டாட்டி செல்வி காலையிலேயே ரெண்டு புள்ளைகளையும் தூக்கிக்கிட்டுச் சிறுமலை பஸ் ஏறிட்டா. போன எடுக்க மாட்டேங்குறா. சின்னவனுக்கு நேத்துல இருந்து காய்ச்ச."

டீச்சரின் முகத்தில் இரத்தமே இல்லை. கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு மூவரும் வாடகைக் கார் பிடித்துக் கிளம்பினோம்.

மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. வளைவுக்கு வளைவு மூடுபனி. வழியில் ஒரு கடைக்காரர், பிள்ளைகளோடு ஒரு பெண் பாதி வழியில் இறங்கிக் காட்டுக்குள் நடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். "அங்கிட்டுக் காட்டுமாடு திரியும்மா. நான் கத்துனேன், திரும்பிக்கூடப் பாக்கல" என்றார். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார். காரிலிருந்து இறங்கி நடக்கும்போதும் அந்தப் பிடியை விடவே இல்லை. முருகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே முன்னால் ஓடினார். மழைச் சத்தத்தில் அவர் குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் எங்கோ ஏதோ பெரிதாக மூச்சுவிட்டது. நாங்கள் அசையாமல் நின்றோம். புதர் முறியும் சத்தம் மெல்ல விலகிப் போனது.

ஒரு பாறைச் சரிவின் அடியில் செல்வி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மூத்த பெண்பிள்ளை அவள் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. கைக்குழந்தை சேலைக்குள். முருகனைப் பார்த்ததும் அலறினாள்.

"நீயும் இங்கயே இருந்துரு! கீழ போனா செத்துருவோம்!" பிறகு டீச்சரைப் பார்த்தாள். "நீங்கதான சொன்னீங்க? அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன். காந்தம் குறையுதுன்னு என் காதால கேட்டேன்."

"ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வாங்க டீச்சர்" என்று நான் காதோரம் கெஞ்சினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஈரப்பாறையில் அவள் எதிரே உட்கார்ந்தார்.

"குறையுதுன்னு நான் சொன்னது நெசம் செல்வி. பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல இரும்பு உருகி ஓடிக்கிட்டே இருக்கு. அந்த ஓட்டத்துலதான் காந்தம் உண்டாகுது. ஓட்டம் மாறினா காந்தமும் மாறும். முன்னாடியும் எத்தனையோ தடவ தலைகீழா மாறியிருக்கு. ஒரு நாள்ல இல்ல, ஆயிரக்கணக்கான வருஷமா. அடுத்தது எப்பன்னு எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனா அதுக்கும் நம்ம மூச்சுக்கும் சம்பந்தமே இல்ல."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. உன் மகன் மூச்சு இழுக்குறதப் பாரு. எனக்கு அதுதான் பயம்."

செல்வி சேலையை விலக்கிப் பார்த்தாள். குழந்தையின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்து போய்க்கொண்டிருந்தது. அவள் அவனை அணைத்துக்கொண்டு, கீழே இறங்க எழுந்தாள்.

நிமோனியா என்றார் மருத்துவர். கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார். குழந்தை கண் திறந்து பால் குடிக்கும்வரை டீச்சர் மருத்துவமனை வராந்தாவை விட்டு நகரவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வெளியே எடுத்தால் நடுக்கம் தெரிந்துவிடும். "நான் சொன்னது எல்லாமே உண்மை. அப்படியும் இந்தப் புள்ள சாகப் பாத்துச்சே" என்றார். பையன் பிழைத்தான். இந்த வருடம் பள்ளியில் சேர்ந்திருக்கிறான்.

அதன்பிறகு டீச்சர் பேசுவதை நிறுத்திவிடுவார் என்றே நினைத்தேன். நிறுத்தவில்லை. ஆனால் எந்த மேடையிலும் முதல் வாக்கியமாக, "இதனால் யாருக்கும் மூச்சு நிற்காது" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். கேட்பவர்கள் புரியாமல் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கடைசிவரை அவருக்குத் தூக்கிவாரிப் போடும்.

புற்றுநோய் முற்றிய நிலையில் போய்ப் பார்த்தேன். ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். கையமர்த்தினார். "பயப்படாதன்னு மட்டும் சொல்லாத. பயமாத்தான் இருக்கு. செத்த நேரம் பக்கத்துல உக்காரு, போதும்" என்றார். உட்கார்ந்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகச் சந்தித்தது.

போன வாரம் என் மகள் புதிதாக வந்த ஒரு காணொளியைக் காட்டினாள். அதே கதை, வேறு தேதி. "நெசமாம்மா?" என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் நடுங்கியது, அவளும் கவனித்தாள். ஆனாலும் எழுந்து போகாமல் என்னோடு நெருங்கி உட்கார்ந்தாள். ராஜேஸ்வரி டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான். பயத்தை மறைக்காமல் உண்மையைச் சொல்லும் அந்தக் குரல், நடுக்கத்தோடு.