அக்காவின் கிட்டாரை நான் கெடுத்த விதம்

என் அக்காவின் வாழ்க்கையை நான் ஒரே ஒரு தடவைதான் கெடுக்கப் பார்த்தேன். அவள் தங்கையான எனக்கு அப்போது பத்து வயது, அவளுக்குப் பதினாறு. அதற்கு நான் எடுத்த ஆயுதம் அப்பாவின் அரம்.

எங்கள் தோட்டம் பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிறது. அம்மா கொழுந்து பறிக்கப் போவார். அப்பாவுக்குக் கவ்வாத்து, அதாவது வளர்ந்து முற்றிய தேயிலைச் செடிகளை மறுபடி துளிர்ப்பதற்காக வெட்டிவிடும் வேலை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்குப் படுக்க ஒரு காம்பராவும் அதையொட்டிச் சமைக்க ஒரு குசினியும் இருந்தன. அந்தக் காம்பராவில் நானும் அக்காவும் ஒரே பாயில், ஒரே கம்பளிக்குள் படுப்போம். குளிரில் விறைத்த என் பாதங்களை அவள் முதுகில் வைத்துச் சூடேற்றிக்கொள்வதை நான் என் பிறப்புரிமையாகவே கருதியிருந்தேன். அவள் திட்டுவாள், ஆனால் நகர மாட்டாள்.

கிட்டாரைக் கொண்டு வந்தவர் அம்மாவின் தம்பியான மாமா. கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பையன் படிக்க வெளிநாடு போனபோது வேண்டாமென்று விட்டுப்போன சாமான்களில் அதுவும் ஒன்று. மாமா அதைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டு வந்து சேர்த்தார். கூடவே தன் பழைய போனையும் அக்காவுக்குக் கொடுத்தார். அதில் சுருதி பார்க்க ஓர் ஆப் இருந்தது. கம்பியைத் தட்டினால் ஒரு முள் ஆடும். சுருதி சரியாக இருந்தால் முள் நடுவில் நின்று பச்சை எரியும், கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு எரியும். ஃபாரின் சாமான் என்று மாமா பெருமையாகச் சொன்னார். அவ்வளவு நல்ல சாமானை அந்தப் பையன் ஏன் விட்டுப் போனான் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கோளாறு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. விரல் வைக்காமல் தட்டினால் ஆறு கம்பிகளுக்கும் பச்சை எரிந்தது. கழுத்தின் நடுப்பகுதியில் அழுத்தித் தட்டினாலும் பெரிய குறையில்லை. தலைப்பக்கம், கழுத்தைப் பிரிக்கும் கட்டங்களில் முதல் கட்டத்தில் அழுத்தினால் மட்டும் போன் சிவந்துவிடும். பாட்டுக்கு வேண்டிய பிடிகளில் முக்கால்வாசி அந்தத் தலைப்பக்கத்தில்தான் இருக்கின்றன. அங்கே கம்பிகள் கட்டையை விட்டு எழும்பி நின்றதால், அவற்றைக் கீழே அழுத்துவதற்குள் அக்காவின் கண்ணில் நீர் வந்துவிடும். அப்படி இழுபட்டதில் சுருதியும் ஏறிவிடும். எஃப் என்று ஒரு பிடி உண்டு. ஒரே விரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்க வைத்து அழுத்த வேண்டும். அந்த எஃப்பை அவள் பிடிக்கும்போது பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் கதவைச் சாத்தினார்கள்.

எங்கள் லயத்துக்கு மேலே சின்னதாக ஓர் அந்தோனியார் கோயில் இருக்கிறது. சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்லி, பாட்டுக்குழுவையும் நடத்தி வந்தவர் உபதேசியார். அவர் இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "ஒனக்குக் காது சரியில்லம்மா. கிட்டார் ஃபாரின் சாமான், அது தப்பா பேசாது." அக்காவும் அதை நம்பினாள். விரல் நுனிகள் கொப்புளித்து, உடைந்து, மறுபடி கொப்புளித்தன. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள்.

அவள் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் இருந்தது. ஹட்டனில் சிஸ்டர்மார் நடத்திய ஒரு போடிங் விடுதியில் கோயில் பாட்டுக்குக் கிட்டார் வாசிக்க ஒரு பெண் பிள்ளை தேவைப்பட்டாள். வாசிக்கத் தெரிந்தவளாக இருந்தால் அங்கேயே தங்க வைத்து உயர்தர வகுப்பான ஏ.எல். படிக்க வைப்பதாகச் சாமியார் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்கள். எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஒரு சிஸ்டர் வந்து அக்கா வாசிப்பதைக் கேட்பதாக ஏற்பாடு. அந்தச் செய்தி வந்த அன்று அம்மா கூடையை இறக்கி வைக்க மறந்து, முதுகில் கூடையோடேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். சரிவரவில்லை என்றால் என்ன செய்வது என்று அப்பா கேட்டார். "என்னத்த செய்யிறது, என்கூட மலைக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

அந்தப் பேச்சில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: நன்றாக வாசித்தால் அக்கா ஹட்டனுக்குப் போய்விடுவாள். வாசிக்காவிட்டால் அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போய்விட்டு, மாலையானால் வீட்டுக்கு வந்துவிடுவாள். இதில் எது நல்லது என்று யோசிக்க ஒரு நிமிஷம்கூட எனக்குத் தேவைப்படவில்லை. இந்த எளிய விஷயம் பெரியவர்களுக்கு ஏன் புரியவில்லை என்றுதான் ஆச்சரியமாக இருந்தது.

ஆனாலும் எனக்குப் பயமிருந்தது. அக்கா பிடிவாதக்காரி. இப்போது வராவிட்டாலும் திருவிழாவுக்குள் வாசிக்கப் பழகிவிடலாம். அம்மா வேறு, திருவிழாவுக்கு முந்தைய நோவேனா செபத்தின் ஒன்பது நாளும் மெழுகுதிரி ஏற்றுவதாக அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டார். எதிர்ப்பக்கம் அந்தோனியாரே இருக்கும்போது நான் சும்மா இருக்க முடியாது.

அப்பாவின் சாக்குப் பையில் கவ்வாத்துக் கத்தியோடு, தடித்த கிளைகளை அறுக்க ஒரு வாளும் அந்த வாளின் பல்லைத் தீட்ட மூன்று பட்டை அரம் ஒன்றும் இருக்கும். பல்லுக்கு இத்தனை இழுப்பு என்று அப்பா கணக்காக இழுப்பார். நான் பக்கத்தில் நின்றால் மறக்காமல் சொல்வார்: "ஒரு இழுப்பு கூடுனாலும் பல்லு செத்துப் போயிரும்." ஆகவே ஒரு சாமானைச் சத்தமில்லாமல் சாகடிக்க வேண்டுமென்றால் அதை அரத்தால் கூடுதலாக நாலு இழுப்பு இழுத்தால் போதும் என்பது என் படிப்பு. கிட்டாரின் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை இருந்தது. அதில் ஆறு வெட்டுகள், வெட்டுக்கு ஒரு கம்பி. பார்க்க வாளின் பல்லைப் போலவே இருந்தது. கம்பியை அறுத்தால் வீட்டில் மாட்டிக்கொள்வேன், பட்டையின் வெட்டுக்குள்ளே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

நோவேனா தொடங்கிய மறுநாள் சனிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா திருவிழாச் சோடனைக்குக் காகிதத் தோரணம் வெட்டக் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டுக் கிட்டாரைப் பாயில் கிடத்தினேன். முறுக்காணியைத் திருப்பிக் கம்பியைத் தளர்த்தி, வெட்டிலிருந்து தூக்கி ஓரமாக ஒதுக்கி, அரத்தின் விளிம்பை வெட்டுக்குள் வைத்து இழுத்தேன். அப்பாவைப் போலவே எண்ணினேன். வெட்டுக்கு எட்டு இழுப்பு. கம்பியை மறுபடி ஏற்றி முறுக்கிவிட்டு அடுத்த கம்பிக்குப் போனேன். கடைசியாக, தடித்த கம்பிக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அத்தை வெளியே நின்று தீப்பெட்டி கேட்டார். பதற்றத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. பன்னிரண்டோ பதினைந்தோ இழுத்திருப்பேன். பிறகு வெள்ளைத் தூளை ஊதிவிட்டு எல்லாவற்றையும் எடுத்த இடத்தில் வைத்தேன். சுருதி குலைந்திருந்தது எனக்குக் கவலை தரவில்லை. அந்தக் குளிரில் அது தினமும் குலையும்.

மாலையில் அக்கா கிட்டாரை எடுத்தாள். போனைப் பார்த்துச் சுருதி கூட்டினாள். முதலில் தடித்த கம்பியைத் தட்டினாள். அது குளவி மாட்டிய தகர டப்பாவைப் போல 'கிர்ர்' என்று அதிர்ந்தது. எனக்குள் ஒரு நிம்மதி. பாடப் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டேன்.

அவள் மறுபடி தட்டினாள், மறுபடியும் அதே கிர்ர். போனின் டார்ச்சைப் போட்டு வெள்ளைப் பட்டையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தில் ஒரு வரியை விடாமல் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் கிட்டாரைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தாள். குசினிக்குப் போய் வெறும் பால்மா பக்கெட்டின் மினுங்கும் தாளில் ஒரு துண்டு வெட்டி வந்தாள். அதைச் சின்னதாக மடித்துத் தடித்த கம்பிக்கு அடியில், அந்த வெட்டுக்குள் செருகிக் கம்பியை முறுக்கினாள். தட்டினாள். கிர்ர் போய்விட்டது.

பிறகு முதல் கட்டத்தில் விரலை வைத்தாள். போனில் பச்சை எரிந்தது. அடுத்த கம்பியிலும் பச்சை, அதற்கடுத்த கம்பியிலும் பச்சை. எஃப்பைப் பிடித்து ஒரே வீச்சில் ஆறு கம்பிகளையும் வருடினாள். அந்தக் கிட்டாரிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அடுப்பூதிக்கொண்டிருந்த அம்மா ஊதுகுழலோடு எழுந்து வந்து நிலையில் நின்றார். "அந்தோனியாரே" என்று மட்டும் சொன்னார்.

அந்த வெள்ளைப் பட்டையின் வெட்டுகள் ஆழம் போதாமல் இருந்தன, அதுதான் கம்பிகளைத் தூக்கிப் பிடித்துச் சுருதியைக் கெடுத்தது என்பதெல்லாம் நான் பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, நான் சாகடித்த சாமான் எழுந்து உட்கார்ந்துவிட்டது என்பதுதான். தேர்ந்த கை செய்ய வேண்டிய வேலையை நான் கெட்ட எண்ணத்தோடு செய்து, ஆறில் ஐந்தைச் சரியாகவும் செய்துவிட்டேன்.

திங்கள் காலை அப்பா வாள் தீட்ட அரத்தை எடுத்தார். அதன் பற்களுக்குள் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. "யாரு அரத்துல எலும்பத் தேச்சது?" என்று கத்தினார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே, "நான்தான்ப்பா, சீப்பு ஒண்ணத் தேச்சேன்" என்றாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அக்கா எனக்குப் பெரிதாக ஏதோ ஒரு தண்டனையைச் சேர்த்து வைக்கிறாள் என்று நினைத்துத் திருவிழா வரை அவள் சொன்ன வேலையெல்லாம் மறு பேச்சில்லாமல் செய்தேன்.

திருவிழாவில் அக்கா ஏழு பாட்டு வாசித்தாள். சிஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். உபதேசியார், தான் பழக்கிய பிள்ளை என்று எல்லோரிடமும் சொன்னார். அம்மா நேர்ந்ததற்கு மேலாக இன்னும் ஒரு கட்டு மெழுகுதிரி வாங்கி ஏற்றினார். நான் செய்த வேலைக்கு அந்தோனியார் பெயர் வாங்கிக்கொண்டு போனார். அது என் வேலை என்று சொல்லவும் வழியில்லை, ஏன் செய்தாய் என்று கேட்பார்களே. அடுத்த மாதம் சாமியார் வந்தபோது பாவசங்கீர்த்தனத்தில் மட்டும், அக்காவின் கிட்டாரைக் கெடுத்துவிட்டேன் என்று சொன்னேன். "அது நல்லாத்தானே இருக்கு?" என்றார் சாமியார். ஆமாம் என்றேன். மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அக்கா போன நாளில் எல்லோரும் பஸ் நிற்கும் சந்திக்கு இறங்கினோம். அம்மா அழுதார். அப்பா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் பாதையில் உட்கார்ந்து புரளாத குறையாக அழுதேன். அக்கா மட்டும் அழவில்லை. என் தலையைத் தடவிவிட்டு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவு திரும்பும்வரை அவள் பின்னந்தலைதான் தெரிந்தது. போக அவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மாதம் அவள் போனில் கோல் எடுத்தபோதெல்லாம் பேச மாட்டேன் என்று குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

இப்போது அக்கா கொட்டகலைப் பக்கம் டீச்சராக இருக்கிறாள். போன டிசம்பரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சான் தங்கள் மகளுக்கு ஒரு புதுக் கிட்டார் வாங்கி வந்திருந்தார். பிள்ளை விரல் வலிக்கிறதென்று சிணுங்கினாள். அக்கா முதல் கட்டத்தில் கம்பியின் உயரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, மெல்லிய அரம் ஒன்றை எடுத்து வந்து பட்டையின் வெட்டுகளை ஒவ்வொன்றாக அராவத் தொடங்கினாள். இரண்டு இழுப்பு, ஒரு தட்டு, மறுபடி ஓர் இழுப்பு. இதை எங்கே படித்தாய் என்று மச்சான் கேட்டார்.

"இவகிட்டதான்" என்று அக்கா என்னைக் காட்டினாள். "எனக்கு அப்ப ஹட்டனுக்குப் போகவே பயங்க. வீட்ட விட்டு ஒரு நாள் இருந்ததில்ல. அம்மா மனசுக்காகத்தான் வெரல் தேயப் பழகுனேன். திருவிழா அன்னிக்கி வாசிக்க வரலன்னு சொல்லிட்டு நின்னுரலாம்னுதான் இருந்தேன். பாத்தா, பத்து வயசுக்காரி, ஒருத்தருக்கும் தெரியாம அப்பாவோட அரத்த எடுத்து எல்லாத்தையும் தேச்சு வச்சிருக்கா. நான் போய்ப் படிக்கணும்னு இவளுக்கே இவ்வளவு ஆசன்னா, நான் எப்படிங்க போகாம இருக்கிறது?"

மச்சான் என்னை ஒரு புதுமாதிரி மரியாதையோடு பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் பார்த்தேன். நான் அன்றைக்குக் கைவைக்காமல் இருந்திருந்தால் அவள் எங்களோடேயே இருந்திருப்பாள். அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் இன்னொரு கூடை தொங்கியிருக்கும்.

அக்கா அரத்தை ஊதிவிட்டுச் சொன்னாள்: "பஸ்ல ஏறுறப்ப அழுக முட்டிக்கிட்டு நிக்குது. திரும்புனா இவ மொகத்தப் பாத்து ஓன்னு அழுதுருவேன். இவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பி வைக்கிற புள்ளைக்கு அது எப்படி இருக்கும்? அதான் கடைசி வரைக்கும் திரும்பிப் பாக்கல."