ஈரத் தரையும் பூவம்மாவின் பரீட்சையும்

பூவம்மாவுக்கு அறுபத்தொரு வயது. சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் இருக்கும் ஓர் உணவங்காடி நிலையத்தின் கழிவறைகளை இருபத்திரண்டு வருடமாகக் கழுவி வருகிறார். வீடு இருக்கும் பூன் லேயிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்து, கடைக்காரர்கள் அடுப்பைப் பற்றவைப்பதற்குள் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் இரண்டையும் முடித்துவிடுவார். அவர் வேலையைக் குறை சொன்னவர்கள் இல்லை. குறை சொல்ல நினைத்தவர்கள் இருந்திருக்கலாம். அவர் வாய்க்குப் பயந்து பேசாமல் போயிருப்பார்கள்.

இப்பேர்ப்பட்டவரை ஒரு செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் ஹஸீனா கூப்பிட்டு, கழிவறை கழுவுவதற்குப் பரீட்சையில் தேற வேண்டும் என்று சொன்னார். பூவம்மா சிரித்துவிட்டார். ஹஸீனா சிரிக்கவில்லை என்பதைக் கவனித்த பிறகுதான் நிறுத்தினார்.

ஹஸீனாவைக் குற்றம் சொல்ல முடியாது. துப்புரவாளர்களின் சம்பளம் படிப்படியாக உயர வேண்டும் என்று அரசாங்கம் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. படி ஏற வேண்டுமென்றால் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். நல்ல எண்ணத்தில் போட்ட திட்டம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பூவம்மாவின் கம்பெனிக்கு அடுத்த வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை முதல் இந்த நிலையத்தில் புது ஒப்பந்தம். சான்றிதழ் இல்லாத யாரையும் இங்கே வைத்திருக்க மாட்டோம் என்று அதில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இல்லாதவர்களை வேறு இடத்துக்கு மாற்றுவார்களாம். எந்த இடம் என்று கேட்டால் ஹஸீனாவுக்கே தெரியவில்லை. அறுபத்தொரு வயதில் 'வேறு இடம்' என்றால் அது அவரவர் வீடுதான் என்று பூவம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், அந்தப் பயிற்சியை அவர் மூன்று வருடமாகத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை முட்டி வலி, ஒரு தடவை தீபாவளி, ஒரு தடவை மகள் தாரணியின் பிரசவம். நிஜக் காரணம் வேறு. தொடக்கநிலை மூன்றோடு அவர் படிப்பு நின்றுபோனது. பரீட்சை என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

கிளினிக்கில் வேலை பார்க்கும் தாரணி, வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கச் சொன்னாள். இத்தனை வருடம் செய்த வேலைக்கு இனிமேல் யாரோ வந்து மார்க் போடுவதா என்று அவளுக்குக் கோபம்.

"வீட்ல இருந்து நான் யாரு முகத்தைப் பாக்குறது? செவுத்தையா?" என்றார் பூவம்மா. கணவர் போய் ஒன்பது வருடமாகிறது.

வகுப்பு ஜூரோங்கில், அடுத்த வாரம் திங்கள், செவ்வாய் என்று இரண்டு நாள். சீனப் பெரியவர்கள், மலாய்ப் பெண்கள் என்று பத்துப் பேர். தமிழ் பேசுகிறவர் பூவம்மா ஒருவர்தான். பயிற்சியாளர் தனசேகரன் எல்லோருக்கும் ஆங்கிலத்திலும் மலாயிலும் சொல்லிவிட்டு, அவருக்காக மறுபடி தமிழில் சொன்னார். அந்த மனிதரும் கப்பல் பட்டறையில் பதினெட்டு வருடம் இருந்து, ஆட்குறைப்பில் வெளியே வந்து, அரசாங்க உதவியோடு வேறு தொழில் படித்தவர். நரைத்த தலையோடு மாணவனாக உட்காருவது எப்படி உடம்பைக் கூசவைக்கும் என்று தெரிந்தவர். அதனால் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

முதல் நாளே பூவம்மா ஒரு விஷயத்தில் ஆடிப்போனார். தரை பளிச்சென்று வர வேண்டும் என்பதற்காக அவர் தரை கழுவும் மருந்துகள் இரண்டை ஒரே வாளியில் கலப்பது வழக்கம். கலக்கவே கூடாது, அதிலிருந்து வருகிற புகை நெஞ்சைக் கெடுக்கும் என்றார் தனசேகரன். பல வருடமாக இருக்கும் தன் இருமலுக்கு வயதுதான் காரணம் என்று பூவம்மா நினைத்திருந்தார். இதை முன்னமே ஒருத்தர் சொல்லியிருக்கலாமே என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. மூன்று வருடம் தட்டிக் கழித்தது தான்தான் என்பது நினைவுக்கு வந்ததும் அந்த ஆத்திரம் தன் மேலேயே திரும்பியது.

இரண்டாம் நாள் மாலை பரீட்சை. மாதிரிக்கு ஒரு கழிவறை கட்டி வைத்திருந்தார்கள். பூவம்மா கையுறை போட்டார், மருந்தை அளந்து ஊற்றினார், தொட்டியைத் தேய்த்தார், தரையைத் துடைத்தார். ஒன்றிலும் பிசகில்லை. வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தால், துடைக்கும் துணி ஒன்று உள்ளே குழாய் மேலேயே கிடக்கிறது. எடுக்க வேண்டுமானால் துடைத்த தரையைத் தாண்டிப் போக வேண்டும். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ரப்பர் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு நுனிவிரலில் போய்த் துணியை எடுத்துக்கொண்டு வந்தார்.

தனசேகரனின் பேனா நின்றுவிட்டது.

"ஏம்மா ஷூவைக் கழட்டுனீங்க?"

"தொடச்ச தரை, சார்."

தனசேகரனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, அவரும் துடைத்த தரையில் செருப்போடு நடக்காத வீட்டில் வளர்ந்தவர்தான். ஆனால் மருந்து ஊற்றிய ஈரத் தரையில் வெறுங்காலோடு நடப்பது பாதுகாப்பு விதிக்கு நேர் எதிர். துடைத்த தரைக்குக் கொடுத்த மரியாதைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. 'இன்னும் தகுதி பெறவில்லை' என்ற இடத்தில் குறி போட்டார். போடும்போது அவர் முகம் நன்றாக இல்லை. வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு உண்டு என்றார். வெள்ளி தவறினால் திங்கள் வந்துவிடும்.

ரயிலில் பூவம்மா அழுதார். தெரியாத வேலையில் தோற்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். தெரிந்த வேலையில், அதுவும் அதிகமாகச் சுத்தம் பார்த்ததற்காகத் தோற்றதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் தாரணி வேலையை விடச் சொல்லவில்லை. அம்மாவின் காலணியை எடுத்து வந்து சமையலறையில் போட்டு, அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கச் சொன்னாள்.

"சாமி படம் இருக்குடி."

"சாமி ஒண்ணும் பெயில் போடாதும்மா. நடங்க."

வீட்டுக்குள், விளக்கு எரியும் மாடத்துக்கு எதிரில், காலில் காலணியோடு பூவம்மா மூன்று நாள் நடந்தார். ஒவ்வொரு தடவையும் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகளை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆனாலும் நடந்தார்.

வெள்ளிக்கிழமை பூவம்மா உள்கோடியிலிருந்து தொடங்கி, ஒரு பொருளையும் பின்னால் விடாமல், வாசல்வரை துடைத்துக்கொண்டே வந்தார். காலணி காலிலேயே இருந்தது. தரை ஈரம் என்று சொல்லும் மஞ்சள் பலகையை வாசலில் நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்.

அன்றைக்கு இன்னும் நான்கு பேர் வரிசையில் காத்திருந்தார்கள். தனசேகரனுக்கு அவசரம். உள்ளே இருக்கும் தொட்டியைச் சரிபார்க்க, பலகையைத் தாண்டி ஒரு காலை எடுத்து வைக்கப் போனார். பூவம்மாவின் கை தானாகக் குறுக்கே நீண்டது.

"போகாதீங்க, சார். தரை ஈரம். காயட்டும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. மார்க் போடுகிறவரையே மறித்துவிட்டோம், எல்லாம் போச்சு என்று நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். தனசேகரன் தூக்கிய காலை அப்படியே பின்னால் எடுத்தார். காய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்.

"பத்து நிமிசம், சார்."

அவர் படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். அவருக்குப் பின்னால் அந்த நான்கு பேரும் நின்றார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. தரை காய்ந்த பிறகு தனசேகரன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'தகுதி பெற்றார்' என்ற கட்டத்தில் குறி போட்டார்.

இருபத்திரண்டு வருடமாகப் பூவம்மா அந்த மஞ்சள் பலகையை ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வைத்து வருகிறார். டை கட்டியவர், பள்ளிப் பிள்ளை, பட்டுச் சேலை கட்டியவர், கோயிலிலிருந்து நேராக வருகிறவர் என்று எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு ஈரத்தில் மிதித்துத்தான் போனார்கள். அவரும் யாரையும் நிறுத்தியதில்லை. அவர்கள் போன பிறகு மாப்பை எடுத்து மறுபடி துடைப்பார், அவ்வளவுதான். நிறுத்தலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

திங்கட்கிழமை காலை பூவம்மா வழக்கமான இடத்தில், வழக்கமான வாளியோடு நின்றிருந்தார். ஹஸீனா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாஸாயிட்டீங்களாமே, அக்கா?"

பூவம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"அந்த சார் பத்து நிமிசம் வெளியவே நின்னாரு, ஹஸீனா," என்றார். "நான் சொன்னேன்னு நின்னாரு."