உறவு என்ற கட்டத்தில் ‘பாவா’

அந்தப் பெண்ணின் பேரைக் கெடுத்தது நீங்கள்தான். தனிப்படை என்று சொல்லி, பட்டப்பகலில் ஜீப்பில் வந்து எங்கள் லாட்ஜ் வாசலில் இறங்கிய அதிகாரியைத்தான் சொல்கிறேன். தப்பு என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருக்கிறீர்கள்.

திருத்தணி மலையடிவாரத்தில் அந்த லாட்ஜின் மேஜையில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள் நான். சாவி கொடுப்பேன், ஆதார் அட்டை வாங்குவேன், ரிஜிஸ்டர் எழுதுவேன். காலையில் வருகிறவர்கள் மொட்டை போட்டுக் குளிக்க ரூம் கேட்பார்கள். மத்தியானத்துக்கு மேல் வருகிற கூட்டம் வேறு. சென்னை மின்சார ரயிலில் ஒருவன் தனியாக வந்து சாவி வாங்குவான். பத்து நிமிஷம் கழித்து ஒரு பெண் வந்து ரூம் நம்பர் கேட்பாள். எல்லை தாண்டி, ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கமிருந்து காரில் வருகிறவர்களும் உண்டு. சொந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இங்கே வருவார்கள். எங்கள் ஊர்க்காரன் அதே பயத்தில் அங்கே போவான். எல்லோருக்கும் இது தெரியும். பழைய ஆட்சியில் அதிகாரிகளுக்கும் தெரியும். ரிஜிஸ்டர் ஒழுங்காக இருந்தால் போதும் என்று புரட்டிப் பார்த்துவிட்டு டீ குடித்துப் போவார்கள்.

அந்த ரிஜிஸ்டரில் ‘உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. மனைவி என்று எழுதினால் அட்டையில் வேறு பேர் இருக்கிறதே என்பார்கள். தோழி என்று எழுதினால் சிரிப்பார்கள். அதனால் நான் ‘பாவா’ என்று எழுத ஆரம்பித்தேன். எல்லையோரம் இருக்கிற எங்களுக்கு இது சாதாரணச் சொல். அக்கா புருஷனும் பாவா, மாமன் மகனும் பாவா. அந்த மாமன் மகனையே கட்டிக்கொண்டால் புருஷனும் பாவா. பொய் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பக்கம் பக்கமாக எழுதினேன். அது என் தப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்படி வந்த பெண்களில் ஒருத்தி அரக்கோணத்துக்காரி. சோப்பும் போர்வையும் வீட்டிலிருந்தே கொண்டுவருவாள். மாடி ஏறும்முன் என் மேஜையில் ஒரு நிமிஷம் நிற்பாள்.

“அக்கா, இன்னிக்கி வந்துகீற ஆளு மூஞ்சே சரியில்ல. கொஞ்சம் காத குட்த்துகினு இரு.”

“நீ போ. சத்தம் கேட்டா தண்ணி வந்துடுச்சுன்னு கத்துறேன்.”

ஒரு நாள் கத்தினேன். “தண்ணி வந்துடுச்சுங்க! குளிக்கிறதுன்னா இப்பவே குளிங்க, அப்புறம் வராது!” என்று கதவை உடைக்கிற மாதிரித் தட்டினேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். “இத்தினி வருசமா இந்த லாட்ஜுல மத்தியானம் தண்ணியே வந்ததில்லியே அக்கா!”

பிறகு ஆட்சி மாறியது. கோயில் ஊர்களைச் சுத்தம் செய்வோம் என்று மேடையில் சொன்னவர்கள் ஜெயித்தார்கள். ஒரே மாதத்தில் எல்லா லாட்ஜிலும் ‘தம்பதிகளுக்கும் குடும்பங்களுக்கும் மட்டும்’ என்று போர்டு மாட்டச் சொன்னார்கள். மாட்டினோம். ரயிலில் வந்த ஆண்கள் என்ன, சாமியாராகவா போய்விட்டார்கள்? போனை எடுத்து வேறு இடம் தேடிக்கொண்டார்கள். பைபாஸ் ஓரத் தோட்டத்து வீடுகள், பூட்டிக் கிடக்கிற கோடவுன்கள். பெண்களும் அங்கே போனார்கள். வேறு எங்கே போவார்கள்? அரக்கோணத்துக்காரி ஒரு நாள் போன் செய்தாள். உதடு கிழிந்து தையல் போட்டிருந்ததாம். “இங்க தண்ணி வந்துடுச்சுன்னு கத்த ஆள் இல்லக்கா” என்றாள். உங்கள் சுத்தம் அவளுக்குக் கொடுத்தது அந்தத் தையல்தான்.

அதற்கு அடுத்த வாரம்தான் நீங்கள் வந்தீர்கள். தெற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. அன்று மாடியில் ஒரே ஒரு ஜோடி. பள்ளிப்பட்டு விசைத்தறியில் வேலை செய்கிறவர்கள். பெண்ணுக்குப் பிறந்த ஊர் நகரிப் பக்கம். புருஷனுக்கு வேண்டுதல், மொட்டை போட்டுத் தலையில் சந்தனம் பூசியிருந்தான். ரிஜிஸ்டரில் எழுதும்போது “உறவு என்னம்மா?” என்று கேட்டேன். “எங்க பாவா” என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். அதையே எழுதினேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதிய பாவாக்களில் பொய்யில்லாத ஒன்று அது.

நீங்கள் அவளை ஈரத்தலையோடு கீழே இறக்கினீர்கள். உங்கள் ஆள் ஒருவன் போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தான்.

“இவன் உனக்கு யாரு?”

“எங்க பாவாங்க.”

“பாவான்னா அக்கா மாப்பிள்ளைன்னு சொல்லுதாங்க?”

“ஆங், அதுவுந்தாங்க. ஆனா இவரு என் வூட்டுக்காரரு.”

“அக்கா மாப்பிள்ளையா, புருஷனா? ஒண்ணைச் சொல்லு.”

“எனக்கு அக்காவே இல்லீங்க! மாமன் புள்ள, அவரையே கட்டிகினேன்.”

அட்டைகளைப் பார்த்தீர்கள். அவளுடையதில் அப்பா பேர், ஆந்திரா விலாசம். அவனுடையதில் தலை நிறைய முடி. “இதுல இருக்கவன் எங்கல? இவன் வேற ஆளுல்லா?” என்று நீங்கள் கேட்க, உங்கள் ஆட்கள் சிரித்தார்கள். மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டு அவன் நின்றான். பிறகு ரிஜிஸ்டரைப் புரட்டினீர்கள். எல்லாப் பக்கத்திலும் பாவா.

“சார், இவங்க நெசமாவே புருசன் பொண்டாட்டி” என்றேன்.

“அப்ப மத்த பாவா எல்லாம்?”

நான் வாயை மூடிக்கொண்டேன். மற்றதெல்லாம் பொய், நான்தான் எழுதினேன் என்று அப்போதே சொல்லியிருந்தால் நீங்கள் என்னை ஏற்றிக்கொண்டு அவளை விட்டிருக்கலாம். ஜீப்பில் ஏறும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் தணிந்த சாமியின் ஊர் இது என்பார்கள். அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு என்மேலேயே கோபம் தணிய மாட்டேன் என்கிறது.

சாயங்காலம் ஊரிலிருந்து ஸ்டேஷனுக்குக் கல்யாண ஆல்பம் வந்தது. நீங்கள் அதைப் புரட்டிப் பார்த்தீர்கள். தனி அறையில் கூப்பிட்டு, “தப்பா எடுத்துக்காதம்மா, வீட்டுக்குப் போ” என்றீர்களாம். பிடித்தது தப்பு என்று ஒரு காகிதம் எழுதித் தரவில்லை. ஆனால் படம் அதற்குள் பள்ளிப்பட்டு வரை எல்லாப் போனிலும் போய்விட்டது. ‘கோயில் நகரில் சிக்கிய பெண்’ என்று மேலே எழுத்து.

என்னை வேலையிலிருந்து நிறுத்திய பிறகு, பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னாள்.

“தறியில கூட வேல செய்றவளுங்க, ‘இன்னாடி, பாவா வந்துகிறாரா?’ன்னு கேட்டுகினு சிரிக்கிறாளுங்க. வேலைக்கிப் போவல. எங்க வூட்டுக்காரர இப்ப பாவான்னு கூப்டறதே இல்ல. ‘இந்தாங்க’ன்றேன். பொறந்ததுல இருந்து கூப்ட பேரு அது.”

“நான் இன்னா செய்யட்டும், சொல்லு.”

“நீ சொன்னா யாரு நம்புவா? அந்த ஆளு சொல்லட்டும். ரூம்ல சொன்னத வெளில வந்து சொல்லட்டும்.”

தப்பான பெண்களைப் பிடிக்கப் போய் நல்ல பெண்ணைப் பிடித்துவிட்டீர்கள் என்று நான் எழுதவில்லை. அரக்கோணத்துக்காரியும் எனக்கு நல்லவள்தான். அவளைப் பிடித்திருந்தாலும் ஈரத்தலையோடு படம் எடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

என் பொய்யை நான் இங்கே அச்சில் சொல்லிவிட்டேன். இனி உங்கள் முறை. பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். உங்கள் ஆள் எந்தப் போனில் அவளைப் படம் எடுத்தானோ அதே போனில் உங்களையும் எடுக்கச் சொல்லி, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: அவன் அவளுக்கு யார்?